தலையெழுத்தும் மாத்திரையும்

(பழனி அடிவாரத்தில் நடந்த பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுள் உண்டா இல்லையா என்பதல்ல. அதை அநேக தடவை பேசியாயிற்று. இனியும் பேசத்தான் போகிறோம். இன்றைய விஷயம் ஒரு மாத்திரையைப் பற்றியது. மாத்திரையைப் பற்றிப் பேச சுயமரியாதைக்காரனுக்கு என்ன வேலை, அது டாக்டர் வேலையல்லவா என்று சிலர் கேட்கலாம். எந்த மாத்திரையை எவ்வளவு கொடுப்பது என்பது டாக்டர் வேலைதான். ஆனால், ஒரு மனிதன் தன் உடம்பைப் பற்றித் தானே யோசித்து ஒரு முடிவுக்கு வரவிடாமல் சாமியும், சோசியமும், முதலாளியும், சொந்தக்காரனும் நடுவில் வந்து நிற்கிறார்களே, அவர்களை விலக்கி நிறுத்துவது நம் வேலைதான் என்று சொல்லுவேன்.

சென்ற மாதம் கொடைக்கானல் மலையிலிருந்து ஒரு வாலிபர் என்னிடம் வந்தார். வயது 27. பகலெல்லாம் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறார். இரவில் தபால் மூலம் பி.காம். படிக்கிறார். அவர் குடும்பத்தில் காலேஜ் பாடத்தைக் கையில் எடுத்த முதல் ஆள் அவர்தான். பாடம் அவருக்குப் புரிகிறது. சொன்னால் திருப்பிச் சொல்லுகிறார். ஆனால் புஸ்தகத்தைத் திறந்து கால் மணி நேரம் உட்கார முடியவில்லை. ஒரு காரியத்தைத் தொடங்கினால் பாதியில் இன்னொன்றுக்குப் போய்விடுகிறார். பரீட்சைப் பணம் கட்டும் தேதியையே மறந்துவிட்டு ஒரு வருஷத்தை இழந்திருக்கிறார். சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் பலகையைத் தொலைத்ததற்கும், வகுப்பில் சும்மா உட்காராததற்கும் வாங்கின அடிக்குக் கணக்கில்லையாம். சர்க்கார் ஆஸ்பத்திரி மனநல டாக்டர் இரண்டு மூன்று தடவை விசாரித்து, இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர், அதாவது கவனம் நில்லாத கோளாறு, இதற்கு இன்னின்ன மருந்துகள் இருக்கின்றன, யோசித்துக்கொண்டு வாரும் என்று அனுப்பியிருக்கிறார்.

இவர் வீட்டுக்கு வந்தார். தாயார் பழனிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். மாமன் ஜாதகத்தை எடுத்துப் பார்த்து ஏழரை நாட்டுச் சனி என்றார். முதலாளி, சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயரா என்று சிரித்தார். கூட்டாளி ஒருவர், என்னிடம் மிச்சம் இருக்கிறது, இதையே போட்டுக்கொள் என்று தன் மாத்திரையை எடுத்து நீட்டினார். நான் எதைக் கேட்பது என்றார் அந்த வாலிபர். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்லுகிறேன். ஏனென்றால் அவரைப் போன்றவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். வயது வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இக்கோளாறு இருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இது வியாதியா, சோம்பலா?

முதலாவது, இது வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டுபிடித்த நாகரிகம் அல்ல. 1798-லேயே அலெக்சாந்தர் கிரிக்டன் என்ற ஸ்காத்லாந்து வைத்தியர் இப்படிப்பட்ட கவனச் சிதறலைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற டாக்டர் இத்தகைய குழந்தைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். குழந்தைகளுக்கு மாத்திரம் வருவது, வளர்ந்தால் போய்விடும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். அநேகம் பேருக்கு வளர்ந்தும் போவதில்லை என்பது பிறகு தெரிந்தது. 2013-ல் அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலில், வயது வந்தவர்களுக்கென்று தனி அளவுகோலே வைத்துவிட்டார்கள். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்பதும் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளால் தெரிகிறது. பரம்பரை என்றால் பூர்வ ஜன்ம பாவம் என்று அர்த்தமல்ல. அப்பன் மூக்கு பிள்ளைக்கு வருகிற மாதிரிதான் இதுவும்.

ஆனால் கவனம் நிற்காதவர்களுக்கெல்லாம் இந்தக் கோளாறு என்றும் சொல்லிவிடக்கூடாது. காலை நான்கு மணிக்கு எழுந்து பத்து மணி நேரம் உழைத்து, இரவு பன்னிரண்டு வரை படித்து, நான்கு மணி நேரம் தூங்குகிறவனுக்குக் கவனம் எப்படி நிற்கும்? அவனுக்கு வேண்டியது தூக்கம், மாத்திரையல்ல. இரத்தச் சோகை, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, குடி, விடாத கவலை ஆகிய இவையெல்லாமும் கவனத்தைக் கெடுக்கும். ஆகையால்தான் டாக்டர் கேள்வி கேட்கிறார். இந்தத் தொந்தரவு பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்ததா? வீட்டிலும் இருக்கிறதா, வேலையிலும் இருக்கிறதா? இதனால் பிழைப்பு கெடுகிறதா? இரத்தத்தைச் சோதித்தோ, தலையைப் படமெடுத்தோ இதைக் கண்டுபிடித்துவிட முடியாது. தாயாரையும், பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டையும் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் சீட்டு எழுதித் தருகிற டாக்டரை நம்பாதீர்கள்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். பையன் ஓடினால், குதித்தால் எல்லோர் கண்ணிலும் படுகிறது. பெண்ணோ மூலையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால், அடக்கமான பெண் என்று பாராட்டி விட்டுவிடுகிறார்கள். அவளே வளர்ந்து, வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, கொடைக்கானல் மலைமேலுள்ள அன்னை தெரசா பெண்கள் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் படிக்கவும் வந்தால், அப்போதுதான் எல்லாம் சேர்ந்து தலையில் விழுகிறது. அதற்கும், பெண்புத்தி பின்புத்தி என்ற தீர்ப்பைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

படிப்பு ஏறாது என்று சொன்னது யார்?

தோழர்களே! உனக்குப் படிப்பு ஏறாது என்கிற சொல் நமக்குப் புதிதா? சூத்திரனும் பஞ்சமனும் படிக்கக்கூடாது என்று சாஸ்திரம் எழுதி வைத்தார்கள். சாஸ்திரம் செல்லாத காலம் வந்தபோது, 1953-ல் ராஜாஜி அவர்கள் பள்ளிக்கூட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பார்க்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் நாடும் அதை எதிர்த்ததும், ராஜாஜி பதவி விலகியதும், 1954-ல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்ததும் உங்களுக்குத் தெரியும். அப்படிப் போராடித் திறந்த கதவு வழியாக இன்று ஒரு லாட்ஜ் தொழிலாளி காலேஜ் பாடத்துக்கு வந்திருக்கிறான். அவன் மூளையில் ஒரு சிறு கோளாறு இருக்குமானால், அதைச் சரிசெய்து படிக்க வைப்பதா, அல்லது தலையெழுத்து என்று சொல்லி வெளியே தள்ளுவதா? கண் மங்கினவனுக்குக் கண்ணாடி கொடுக்கிறோம். கண் மங்கினவன் எழுத்தைப் பார்க்க லாயக்கில்லாதவன் என்று யாரும் சொல்லுவதில்லை. கவனத்துக்கு மாத்திரம் ஏன் வேறு நியாயம்?

நவபாஷாணமும் சனியும்

சரி, தாயார் சொன்ன மொட்டைக்கு வருவோம். இந்த மலைமேல் இருக்கிற சிலையைப் போகர் என்னும் சித்தர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் செய்தார் என்றும், அதன்மேல் ஊற்றி வழிந்த பாலும் பழமும் சகல வியாதிகளுக்கும் மருந்து என்றும் சொல்லப்படுகிறது. பாஷாணம் என்றால் என்ன? விஷம். பூரமும் லிங்கமும் பாதரசச் சரக்குகள். வெள்ளைப் பாஷாணம் ஆர்சனிக். இங்கிலீஷ் மருந்து சூடு, அது விஷம் என்று பயப்படுகிற அதே ஆள், ஒன்பது விஷத்தைக் கழுவின பால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறான்!

பாதரசம் என்ன செய்யும் என்பதை வேறெங்கும் போய்க் கேட்க வேண்டாம். மலைமேல் போய்க் கேளுங்கள். கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டுகள் பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியான பிறகு, அது 2001-ல் மூடப்பட்டது. பாதரசத்தால் எங்கள் நரம்பும் சிறுநீரகமும் கெட்டன என்று அங்கு வேலை செய்தவர்கள் பதினைந்து வருஷம் போராடினார்கள். அதனால் யாருக்கும் கெடுதி இல்லை என்றே கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில், 2016-ல் 591 பழைய தொழிலாளிகள் சம்பந்தமாக உடன்படிக்கை ஏற்பட்டது. ஆலையில் இருந்தால் நஞ்சு, கோயிலில் இருந்தால் மருந்து என்று பாதரசத்துக்கு இரண்டு குணம் இருக்க முடியுமா?

அதுதான் போகட்டும். சகல வியாதியையும் தீர்க்கிற அந்தச் சிலைக்கே தேய்மானம் வந்துவிட்டது என்று சொல்லி, 2004-ல் புதிதாக ஐம்பொன் சிலை ஒன்று செய்து வைத்தார்கள். பிறகு அதை எடுத்தும் விட்டார்கள். அதைச் செய்ததில் மோசடி என்று 2018-ல் போலீசார் வழக்குப் போட்டு ஆட்களைக் கைதும் செய்தார்கள். தன் தேய்மானத்தைத் தடுத்துக்கொள்ள முடியாதது உன் மறதியைத் தீர்க்கும் என்பது எந்த அறிவுக்குப் பொருந்தும்?

இது முருகனைப் பற்றி மாத்திரம் சொல்லுவதல்ல. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்கா பெயரைச் சொல்லி மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த கொட்டகை ஒன்றில் 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி தீப்பிடித்து, ஓட முடியாமல் 28 பேர் வெந்து மாண்டார்கள். எந்த ஆண்டவனும் ஒரு சங்கிலியைக்கூட அவிழ்த்துவிடவில்லை.

சனி சங்கதி இன்னும் வேடிக்கை. அதே கொடைக்கானலில் 1899 முதல் சூரியனை ஆராய்கிற வானாராய்ச்சிக் கூடம் இருக்கிறது. சூரியனில் தெரிகிற கரும்புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்பதை 1909-ல் எவர்ஷெட் என்பவர் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். நூறு வருஷத்துக்கு மேலாக வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் கூடத்தாருக்கு, சனிக் கிரகத்துக்கு ஒரு லாட்ஜ் குமாஸ்தாவின் பி.காம். பரீட்சைமேல் உள்ள கோபம் மாத்திரம் தெரியவில்லை. நம் சோசியருக்குத் தெரிந்துவிட்டது!

எந்த மாத்திரை?

இனி மாத்திரைக்கு வருகிறேன். சாமியை நம்பாதே என்று சொல்லிவிட்டு டாக்டரைச் சாமியாக்குவது பகுத்தறிவு ஆகாது. மருந்து எப்படி வேலை செய்கிறது, என்ன கெடுதி செய்யும் என்று கேட்பது உங்கள் உரிமை.

இந்தக் கோளாறுக்கு நம் நாட்டில் முக்கியமாகக் கொடுக்கப்படுபவை இரண்டு. ஒன்று மெத்தில்பெனிடேட். 1944-ல் சுவிட்சர்லாந்தில் சீபா என்ற கம்பெனியில் பனிசோன் என்ற இரசாயனக்காரர் செய்தது. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு பொருள்கள் ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்குச் சேதி கொண்டுபோகின்றன. அவை சீக்கிரம் திரும்ப இழுத்துக்கொள்ளப்படாமல் இம்மருந்து தடுக்கிறது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் பலன் தெரியும். சாதாரண வகை மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். மெல்லக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். பசி குறையலாம், தூக்கம் கெடலாம், நெஞ்சுத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறலாம், சிலருக்குப் படபடப்பு வரும். கண்டபடி சாப்பிட்டால் பழக்கமாகவும் ஆகிவிடும். ஆகையால் சர்க்கார் இதை எக்ஸ் அட்டவணை என்ற கட்டுக்காவலில் வைத்திருக்கிறது. டாக்டர் சீட்டு இரட்டைப் பிரதியில் வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கடையிலும் இது கிடைக்காது.

மற்றொன்று அடமாக்செட்டின். இது கிளர்ச்சி மருந்து அல்ல, பழக்கமாவதும் இல்லை. தினம் தவறாமல் சாப்பிட வேண்டும். பலன் முழுதும் தெரிய நான்கு முதல் ஆறு வாரமோ, அதற்கு மேலுமோ ஆகும். ஆனால் பகல் இரவு என்றில்லாமல் நாள் முழுதும் நிற்கும். குமட்டல், வாய் உலர்தல், அசதி வரலாம். இதுவும் இரத்த அழுத்தத்தை ஏற்றலாம். ஆண்களுக்குச் சிறுநீர் இறங்குவதிலும் தாம்பத்தியத்திலும் தொந்தரவு ஏற்படலாம். வாலிபர்களுக்குத் தற்கொலை எண்ணம் தலைகாட்டினாலோ, யாருக்காவது கண் மஞ்சளானாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். இதற்கும் டாக்டர் சீட்டு வேண்டும். ஆனால் மேற்சொன்ன அவ்வளவு கட்டுக்காவல் இல்லை. அமெரிக்காவில் பெயர் அடிபடுகிற ஆம்பிட்டமின் வகைகளை நம் ஊர்க் கடையில் தேட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து யாரையாவது கொண்டுவரச் சொல்லி வழக்கில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

இவைகளில் எது நல்லது என்று கேட்டால், யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். பகலில் கணக்கெழுதி இரவில் படிக்கிறவர், காலையில் மெத்தில்பெனிடேட் போட்டால் படிக்க உட்காரும்போது அதன் வேகம் தீர்ந்திருக்கும். மாலையில் மறுபடி போட்டால் இரவுத் தூக்கம் போய்விடலாம். அவர் மெல்லக் கரையும் வகையைப் பற்றியோ, அடமாக்செட்டினைப் பற்றியோ டாக்டரிடம் கேட்க வேண்டும். மலைமேல் ஒரு மூலைக் கிராமத்தில் இருந்துகொண்டு, மருந்துக்காகப் பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ மலைப்பாதையில் பஸ் ஏறி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர், மருந்து எங்கே கிடைக்கும் என்பதையும் ஒரு காரணமாக வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நெஞ்சு வியாதி, அடங்காத இரத்த அழுத்தம், முன்பு சித்தபேதம், குடி அல்லது போதைப் பழக்கம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் அதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கூட்டாளியின் மாத்திரையைக் கடன் வாங்கக்கூடாது என்பதும் இதனால்தான். அவன் நெஞ்சு வேறு, உன் நெஞ்சு வேறு.

மூளையை மாற்றுகிற மருந்தா என்று பயப்படுகிறவர்களை ஒன்று கேட்கிறேன். தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் விளைகிற காப்பி எதை மாற்றுகிறது? அதுவும் மூளையைத்தான் தட்டி எழுப்புகிறது. காப்பி குடிப்பவனைப் பயித்தியம் என்று யாரும் சொல்லுவதில்லை. ஆனால் இம்மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காப்பியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும்.

மருந்தே வேண்டாம் என்று முடிவு செய்வதும் ஒரு நியாயமான முடிவுதான். மாத்திரை பாடம் சொல்லிக்கொடுக்காது. செய்ய வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டுவது, பாடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்வது, நேரத்துக்குத் தூங்குவது, மனப்பயிற்சி சொல்லிக்கொடுப்பவரிடம் போவது ஆகிய இவைகள் மருந்து சாப்பிட்டாலும் வேண்டும், சாப்பிடாவிட்டாலும் வேண்டும். வல்லாரை லேகியம் விற்கிறவர்களும் வரட்டும். பச்சிலைமேல் நமக்குப் பகையில்லை. சோதனையில் தேறினால் ஒப்புக்கொள்ளுவோம். தேறும் வரையில் டாக்டர் மருந்தை விட்டுவிட்டு அதை நம்பமாட்டோம்.

சோதிக்கவிடுவதே மருந்து

தோழர்களே! நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். இந்த மருந்துகளைக் கொண்டு செய்த 133 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2018-ல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. அந்தச் சோதனைகளில் ஒரு பகுதியாருக்கு மருந்தும், மற்றொரு பகுதியாருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமல் வைத்துப் பார்த்தார்கள். மெத்தில்பெனிடேட்டும் அடமாக்செட்டினும் வயது வந்தவர்களுக்கு வெறும் மாத்திரையைவிட அதிகப் பலன் தந்தன. ஆனால் அது சுமார் பன்னிரண்டு வாரத்துப் பலன்தான் என்றும், நெடுநாள் விஷயத்தை இன்னும் ஆராய வேண்டும் என்றும் அவர்களே எழுதினார்கள். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிற ஒரு புராணத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்!

மொட்டை போட்டுப் பாஸ் ஆனால் முருகன் அருள்; பெயில் ஆனால் உன் பக்தி போதவில்லை. எப்படி ஆனாலும் சாமி தோற்பதில்லை, தோற்பவன் நீதான். மருந்து அப்படியல்ல. பலிக்காவிட்டால் மருந்து தோற்றது என்று அர்த்தம். அளவை மாற்றலாம், வேறு மருந்து பார்க்கலாம், நிறுத்தியும் விடலாம். தோற்றதை ஒப்புக்கொள்ளுகிற வைத்தியம்தான் மனிதனை மனிதனாக மதிக்கிற வைத்தியம்.

ஆகையால் அந்த வாலிபருக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மருந்து தொடங்குவதற்கு முன் ஒரு வாரம், தொடங்கின பிறகு நாள்தோறும், சாப்பிட்ட நேரம், தூங்கின நேரம், பசி, வேலையில் விட்ட தவறு, உட்கார்ந்து படித்த நிமிஷம் ஆகியவற்றை எழுத வேண்டும். எடையும் இரத்த அழுத்தமும் பார்த்துக் குறிக்க வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, டாக்டர் சொல்லுகிறபடி ஏற்ற வேண்டும். அந்தப் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது பலித்தது, இது பலிக்கவில்லை என்று டாக்டரிடம் பேச வேண்டும். கைகட்டி நின்று வாங்கி வருவதற்கு அது விபூதி அல்ல.

பணமில்லாதவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். திண்டுக்கல்லிலும் மதுரையிலும் சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. எங்கே போவதென்று தெரியாவிட்டால், 2022-ல் ஏற்பட்ட டெலிமானஸ் என்ற இலவச மனநல டெலிபோன் 14416-ல் தமிழிலேயே விசாரிக்கலாம். வைத்தியம் பெறுவதும், அதை ரகசியமாக வைத்துக்கொள்வதும் 2017-ம் வருஷத்து மனநலச் சட்டப்படி உங்கள் உரிமை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கிற பெண்களுக்கும் சொல்லுகிறேன்: வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. ஒளிக்கும்படி செய்த சமூகம்தான் வெட்கப்பட வேண்டும்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. படிக்கிற தொழிலாளிக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் லீவு கொடுங்கள். வேலையை வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதற்கு எந்த மாத்திரையும் வேண்டாம், மனிதத் தன்மை போதும்.

தோழர்களே! இவ்வளவு நேரம் நான் சொன்னதையும், நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். நான் டாக்டர் அல்ல. காலேஜில் படித்தவனும் அல்ல. படித்தவர்கள் எழுதினதைத் தேடிப் படித்து, கேட்டு, யோசித்துச் சொல்லுகிறவன். நீங்களும் கேளுங்கள், விசாரியுங்கள், யோசியுங்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள். சரியில்லையென்று கண்டால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் சொற்பொழிவை முடித்துக்கொள்ளுகிறேன்.